சிரிப்புக்கு விளக்கம் கேட்டவள்

அவளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று எங்கள் வகுப்பில் எல்லோரும் சொன்னார்கள். பொய். அவளைப் போலச் சிரித்த இன்னொருத்தியை நான் பார்த்ததில்லை. கல்லூரி ஆண்டு விழாவில், சிறப்பு விருந்தினருக்காக வைத்திருந்த மாலையை மேடைக்குப் பின்னாலிருந்து ஓர் ஆடு இழுத்துத் தின்றுவிட்டது. 'அடுத்ததாக மாலை அணிவித்து' என்று முதல்வர் மைக்கில் சொல்லிக்கொண்டே பின்னால் கையை நீட்ட, கையில் வந்தது நாரும் இரண்டு ரோஜாவும்தான். இவள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு பஸ்ஸில் லேடீஸ் சீட்டில் நாங்கள் போகும்போது, ஜன்னலில் எந்த ஆட்டைப் பார்த்தாலும் என் தொடையில் தட்டிச் சிரிப்பாள். செஞ்சியில் ஆட்டுக்கா பஞ்சம்?

ஆனாலும் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஜட்ஜம்மா. அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது ஒருவன் இன்னொருவனைப் பற்றி ஏதாவது சொல்லி, சுற்றியிருப்பவர்கள் எல்லாம் சிரிக்கும்போது இவள் மட்டும் திரும்பிக் கேட்பாள்.

"இதுல சிரிக்கிறதுக்கு இன்னா இருக்குது? எனக்குப் புரியல. சொன்னா நானும் சிரிப்பேன்."

குரலில் குத்தல் இருக்காது. நிஜமாகவே கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைத்தான் யாராலும் தாங்க முடியாது. நீங்கள் கடைசியாக ஒருவரைப் பார்த்துச் சிரித்த விஷயத்தை எடுத்து, அது ஏன் சிரிப்பு என்று வரிசையாக விளக்கிப் பாருங்கள். பாதியிலேயே வாய் கசந்துபோகும்.

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இருக்கிறார். போன மாதம் ஒரு கூட்டத்தில், உங்கள் தலைமுறைக்கு எதையும் தாங்கத் தெரியவில்லை, ஒரு சின்னக் கிண்டலைக்கூட எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் மனம் புண்பட்டுவிடுகிறது என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. புண்பட்டோம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்காவது தைரியம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெற்ற நைனாவுக்கு நாளைக்கு ஆபரேஷன் என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தையும் போடுகிறவர்கள் நாங்கள். வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் எவனாவது அதையே பிடித்துக்கொள்வான் என்ற பயத்தில், அவன் சிரிப்பதற்கு முன்னால் நாமே சிரித்துவிடுவது. இதைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கற்றுக்கொண்டு வந்தோம். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவள் நினைவு வந்தது. அன்றிலிருந்து விடவில்லை.

எங்கள் கல்லூரி செஞ்சிக்கு வெளியே, கோட்டை மலை தெரிகிற மாதிரி ஓர் இடத்தில் இருந்தது. எங்கள் பக்கத்துக்காரர்கள் நாக்கில் ழகரம் ஏறாது. வாழைப்பழம் வாளப்பளமாகத்தான் வரும். வெளியூரிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவருக்கு அது பெரிய வேடிக்கை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனை எழுப்பி, மழை சொல்லு, கிழமை சொல்லு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து, இதில் என்ன சிரிப்பு சார் என்று கேட்டாள். சும்மா தமாஷுக்குத்தாம்மா என்றார் அவர்.

"யாருக்கு சார் தமாஷ்? அவன் காது செவந்துபோச்சு பாருங்க."

அவர் புத்தகத்தைப் புரட்டிப் பாடத்துக்குப் போய்விட்டார். அதன் பிறகு யாரையும் எழுப்பவில்லை. ஆனால் அந்தக் காது சிவந்தவன் என்ன செய்தான் தெரியுமா? கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நானே சிரிச்சேன், இவளுக்கு இன்னாவாம் என்றான். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் நானும் ஒரே பஸ். பஸ் முதலில் எங்கள் ஊரில் நிற்கும். அடுத்த நிறுத்தம் காலனி. அவள் அங்கேதான் ஏறுவாள். காலனி நெருங்கி பஸ் வேகம் குறையும்போது எங்கள் ஊர்ப் பையன்கள் போனில் ஒரு சாதிப் பாட்டைச் சத்தமாக வைப்பார்கள். என்ன பாட்டு என்பது முக்கியமில்லை. யாருக்காக வைக்கிறார்கள் என்பது பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தெரியும். காலனி தாண்டியதும் பாட்டு நின்றுவிடும். ஒருநாள் அவள் நேராக அவர்களிடம் போய், இந்தப் பாட்டு எதற்கு இந்த நிறுத்தத்தில் மட்டும் வருகிறது என்று கேட்டாள். தானா வருதுக்கா என்றான் ஒருவன். அப்புறம் எதற்குச் சிரிக்கிறாய் என்றாள். அவர்கள் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு செஞ்சி வரைக்கும் நின்றாள். கண்டக்டர், நீ கண்டுக்காத பாப்பா, முன்னாடி வந்து உக்காரு என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. அந்தப் பையன்களில் என் சித்தப்பா மகனும் ஒருவன். வீட்டில் சொன்னேன். வயசுப் பசங்க விளையாட்டு, இதை எல்லாம் பெரிசு பண்ணாதே என்றார் நைனா.

விளையாட்டு, தமாஷ், சும்மா. இந்த மூன்று வார்த்தைகளைத் தடைசெய்தால் எங்கள் ஊரில் பாதிப் பேர் வாய் திறக்க முடியாது.

கடைசி வருடம் அந்த ஸ்டிக்கர் வந்தது. எங்கள் வகுப்பில் தினேஷ் என்று ஒருவன். எதை எடுத்தாலும் வாட்ஸ்ஆப் ஸ்டிக்கர் ஆக்கிவிடுவான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. அமாவாசைக்கு நண்பர்களோடு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனவன், கூட்டத்தில் சாமி வந்து ஆடிய ஒரு பெண்ணைப் போட்டோ எடுத்திருக்கிறான். தலைமுடி அவிழ்ந்து, நெற்றி முழுக்க மஞ்சளும் குங்குமமும் கரைந்து, நாக்கை மடித்துக் கடித்து, கண் மேலே செருகிய முகம். அந்த முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, கீழே ஆங்கில எழுத்தில் 'செமஸ்டர் ரிசல்ட் பார்த்த நான்' என்று எழுதி வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டான். அது எங்கள் வகுப்பிலேயே படிக்கும் பிரகாஷின் அம்மா.

தினேஷுக்கு அது தெரியும். போட்ட கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகுதான் அது இன்னும் வேகமாகப் பரவியது. அசைன்மென்ட் என்றால் அந்த ஸ்டிக்கர். பஸ் லேட் என்றால் அந்த ஸ்டிக்கர். அதை அதிகமாகப் போட்டது யார் தெரியுமா? பிரகாஷ். தன் அம்மாவின் முகத்தை எவனும் போடுவதற்கு முன்னால் அவனே போட்டுவிடுவான். செம ஸ்போர்ட்டிவ்டா நீ என்று எல்லோரும் அவன் தோளில் தட்டினார்கள்.

அவள் குரூப்பில் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். இது பிரகாஷோட அம்மா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது, யாராவது சொல்லுங்கள் என்று எழுதினாள். பதிலுக்கு ஒருவன் அதே ஸ்டிக்கரைப் போட்டான். அடுத்து இன்னொருவன். திரை முழுக்க அந்த அம்மாவின் முகமாக ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் அவளைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பிரகாஷ் எங்களை மறித்தான். அவன் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. தினேஷிடம் காட்ட வேண்டிய கோபம் முழுவதையும் சேர்த்துவைத்து இவளிடம் கொட்டினான்.

"உன்ன யாராவது கேட்டாங்களா? நானே சிரிச்சிட்டுப் போயிட்டேன். எங்க வீட்டு விஷயத்துல பேச நீ யாரு? மொதல்ல நீ எங்கிருந்து வர்றன்னு பாத்துக்க."

நான் பதிலுக்குக் கத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சிரிக்கல பிரகாஷ். பல்லு தெரிஞ்சிது. அவ்ளோதான்."

அவன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். வர வேண்டாம் என்று பிரகாஷ் சொல்லியும் அவன் அம்மா வந்துவிட்டார். ஆரஞ்சு நிறப் புடவை, தலை நிறைய கனகாம்பரம். கூட்டம் முடிந்து, மகன் படிக்கிற வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று உள்ளே வந்தார். ஒல்லியான, வெட்கப்படுகிற பெண். படத்தில் இருந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. பின்வரிசையில் போன்கள் அதிரத் தொடங்கின. ஒருவன் தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு நாக்கைக் கடித்துக் காட்டினான். அடக்கி அடக்கி, அறை முழுக்கச் சிரிப்பு கசிந்தது.

அந்த அம்மா எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார். "இன்னா கண்ணு எல்லாம் சிரிக்கிறீங்க? பொடவையில எதனா ஒட்டிக்கினு இருக்குதா?" என்று கேட்டு, தலையைத் திருப்பி, புடவையின் பின்பக்கத்தைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். அதைப் பார்த்து அடக்கிவைத்திருந்தவர்களும் வெடித்துச் சிரித்தார்கள். பிரகாஷ் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இருபது வயது தாண்டிய ஒரு கூட்டம். அதில் ஒரு ஆணுக்கோ பெண்ணுக்கோ அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடத் தோன்றவில்லை.

அவள் எழுந்து போனாள். அந்த அம்மாவின் கையைப் பிடித்து, புடவையில் ஒன்றும் இல்லை, உங்கள் போட்டோ ஒன்று எல்லோர் போனிலும் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். எந்தப் போட்டோ என்று அவர் கேட்க, முன்வரிசையில் ஒருத்தி மேசைமேல் வைத்திருந்த போனை இவள் எடுத்துக் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். போனை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

"அங்காளம்மா வந்தப்ப எடுத்ததா இது? எனக்கு ஒன்னும் நெனவு இருக்காது கண்ணு. இத்தினி வருசமா ஆடுறேன், அந்த மொகத்த நான் பாத்ததே இல்ல."

போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம், கீழே இங்கிலீஷில் என்னமோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டார்.

அவள் திரும்பி தினேஷைப் பார்த்தாள். அம்மா கேட்கிறார்கள், சொல்லு என்றாள். தினேஷ் குனிந்து பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தான். அந்த அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிரகாஷ்தான் பேசினான்.

"அங்காளம்மன் துணைன்னு போட்டிருக்குதும்மா."

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். தன்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது, இதைப் படமாகப் போட்டுத் தர முடியுமா என்று அவளிடம் கேட்டார். தருகிறேன் என்றாள். அவர் வெளியே போனதும் பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அவ்வளவு நடந்த பிறகும் ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது. இன்றைக்கும் அவன் யார் என்று எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை அனுப்பினான், நான் போகவில்லை.

பிரகாஷ் பொய் சொன்னபோது எல்லாவற்றையும் கேட்கிறவள் ஏன் சும்மா இருந்தாள் என்று பிறகு கேட்டேன். மொத தடவையா அவங்கம்மா பக்கம் நின்னான், அதைப் போய்க் கெடுப்பேனா என்றாள்.

எழுத்து இல்லாத அசல் போட்டோ தினேஷிடம்தான் இருந்தது. எப்பவோ டெலீட் பண்ணிட்டேன் என்றான். அவள் விடவில்லை. தினமும் மாலையில் அவன் பைக் பக்கத்தில் போய் நிற்பாள். திட்டமாட்டாள், பேசமாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். ஒருநாள் எரிச்சல் தாங்காமல் அனுப்பிவைத்தான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து அதைத் திறந்து பார்த்தோம். வெட்டாத முழுப் படம். அந்த அம்மாவைச் சுற்றிப் பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். ஒருத்தி இடுப்புக் குழந்தையின் கையையும் சேர்த்துக் கூப்பவைத்திருக்கிறாள். அந்த அம்மாவுக்குப் பின்னால், அவர் கீழே விழுந்துவிடாதபடி இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் குங்குமமாக, பிரகாஷ் நிற்கிறான். அம்மாவின் தோளுக்கு மேலே அவன் முகம் முழுசாகத் தெரிகிறது. பயமும் பக்தியுமாக, சின்னப் பிள்ளை முகம். தினேஷ் அவனை வெட்டி எறிந்துவிட்டு அம்மாவின் தலையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

அவள் அதை செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டி வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்து மேல்மலையனூருக்குப் பக்கத்தில் உள்ள பிரகாஷின் ஊருக்குப் போனோம்.

அந்த அம்மாவுக்கு நிலைகொள்ளவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு எங்களை உட்காரவைத்தார். படத்தை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "இவன் எப்படிப் புடிச்சிக்கினு நிக்கிறான் பாரு" என்று மகனின் உருவத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிரகாஷ் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நின்றான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்துவிட்டேன்.

நீங்கள் எந்த ஊர் கண்ணு, யார் வீட்டுப் பெண்கள் என்று அந்த அம்மா கேட்டார். நான் எங்கள் ஊரையும் நைனா பெயரையும் சொன்னேன். அவளும் ஊர்ப் பெயரைச் சொல்லி, காலனிம்மா என்றாள். அப்படியா கண்ணு, இரு தண்ணி கொண்டாறேன் என்று அவர் அதே சிரிப்போடு உள்ளே போனார். வரும்போது ஒரு கையில் எவர்சில்வர் டம்ளர், இன்னொரு கையில் பேப்பர் கப். டம்ளரை என்னிடம் கொடுத்தார். கப்பை அவளிடம் நீட்டினார். அந்தச் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

பிரகாஷ் அவசரமாகச் சிரித்தான். பேப்பர் கப்புதான் சுத்தம், சென்னையில எல்லாம் இதுதான் என்றான். நான் டம்ளரை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன், அந்தக் கப்பையும் அந்தக் கையையும் படம் எடுக்க. அவள் என் கையைத் தட்டி இறக்கினாள். பிறகு அந்த அம்மாவைக் கேட்டாள். எப்போதும் கேட்கிற அதே குரல்.

"அவளுக்கு டம்ளர்ல குடுத்தீங்க. எனக்கு ஏம்மா இதுல?"

அந்த அம்மாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது. "பழக்கம் கண்ணு. வீட்ல பெரியவங்க இருக்கிறாங்க. தப்பா எடுத்துக்காத."

"சரிம்மா" என்று கப்பை அப்படியே நாற்காலியின் மேல் வைத்தாள். படத்தை வெயில் படாத இடத்தில் மாட்டச் சொன்னாள். வருகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தாள். பிரகாஷ் தெருமுனை வரை பின்னால் வந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மாவுக்காகவா குரூப்பிலிருந்து துரத்தப்பட்டாய், இவர்களுக்காகவா அத்தனை நாள் அந்த பைக் பக்கத்தில் போய் நின்றாய், அந்தக் கப்பைப் படமெடுத்துப் போட்டிருந்தால் நாளைக்கே ஊர் காறித் துப்பியிருக்கும் என்று கத்தினேன்.

"துப்பும். மறுபடியும் அந்தம்மா மொகத்த ஆளாளுக்கு அனுப்பிக்கினு இருப்பாங்க" என்றாள். பிறகு, "அவங்க எனக்குக் கப்புல குடுத்தாங்கன்னு, அந்த ஸ்டிக்கர் சரின்னு ஆயிடுமாடி?" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. அந்தச் சட்டத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். எங்களில் யாராக இருந்தாலும் போனை எடுத்துக் குனிந்துகொண்டிருப்போம். கண்ணில் தூசி என்றிருப்போம். அவள் முகத்தை மூடவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நேராக உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெண், இன்னா பாப்பா, யாராவது எதனா சொல்லிட்டாங்களா என்று குனிந்து கேட்டாள்.

ஒன்றுமில்லை என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன்.

"இருக்குதுக்கா" என்றாள் அவள். "ரொம்ப வலிக்குது."